கைதட்டலில் போன அரை வரி

போன மாதம் ஒரு பெண் உதவி ஆய்வாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அரசியல் கூட்டங்களில் பேசுவதைப் பதிவு செய்யும் பிரிவில் இருக்கிறார். ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த பிரிவு அது.

"சார், வீடியோவுல ஒரு இடத்துல மைக் விட்டுப்போச்சுங்க. பேசறவரு வாய் அசையறது தெரியுது, சத்தம் வரலீங்க. அந்த இடத்துல என்னங்க எழுதறது?"

"சத்தம் வரலைன்னு எழுதுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க வேறு நினைப்பு ஓடவில்லை. அந்த 'அவ்வளவுதான்' ஒரு சமயம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் காவல்துறையில் சுருக்கெழுத்தாளன். காக்கி போட்டதில்லை, லத்தி பிடித்ததில்லை. மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கட்சிக்காரர்கள் பேசுவதை அப்படியே சுருக்கெழுத்தில் எடுத்து, மறுநாள் அதை முழுத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பேன். பேச்சில் சட்டத்துக்கு விரோதமாக ஏதேனும் இருந்தால் வழக்கு வரும். வழக்கு வந்தால் நான் சாட்சி.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் தொழிலாளி. வீட்டில் நாங்கள் பேசியது தெலுங்கு. காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன், சென்னையில் சில மாதம் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் வேறு மொழி என்பதால் தமிழ் எனக்குக் காதோடு ஊறிய சத்தமாக இல்லை, நின்று கவனித்துக் கேட்க வேண்டிய மொழியாக இருந்தது. அது இந்த வேலைக்கு நல்லதாகப் போயிற்று.

வேலையின் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். பென்சில் கூடாது, பேனாதான். சட்டைப்பையில் மை நிரப்பிய இன்னொரு பேனா தயாராக இருக்கும். கூட்டம் தொடங்கிய நேரம், ஒவ்வொருவரும் பேச எழுந்த நேரம், உட்கார்ந்த நேரம் எல்லாம் ஓரத்தில் குறிக்க வேண்டும். ஜனங்கள் கை தட்டினால் அடைப்புக்குறிக்குள் 'கைதட்டல்'. சிரித்தால் 'சிரிப்பு'. காதில் விழாத இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் மேல் 'கேட்கவில்லை'. கட்சிக்காரர்கள் டீ கொடுத்தால் வாங்கக்கூடாது. பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். நல்ல பேச்சாளர்கள் இருந்த காலம் அது.

எனக்கு மேலே ஆய்வாளராக இருந்தவர் சுந்தரம். கோபிப் பக்கத்துக்காரர். குற்றவாளியைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நான் பெயர்த்துக் கொண்டுபோகும் பேச்சை அவர் தனியாக உட்கார்ந்து படிக்க மாட்டார். என்னை எதிரில் உட்காரவைத்து, நோட்டிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொல்வார். தட்டச்சுத் தாளின் மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து, நான் படிக்கப் படிக்க வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வருவார். ஸ்கேல் நின்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம்.

வேலைக்கு வந்த புதிதில் காரமடையில் ஒரு கூட்டம். ஒரு பேச்சாளர் ஒருமையில் ஆரம்பித்துப் பன்மையில் முடித்தார். நான் பெயர்க்கும்போது அதைச் சரியாக்கிவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைப்பு. ஸ்கேல் நின்றது.

"ஏனுங்க, இது அவரு சொன்னதுங்களா, நீங்க சொன்னதுங்களா?"

"இலக்கணப் பிழைங்க சார். சரி பண்ணிட்டேன்."

"அவரு தப்பாப் பேசுனா தப்பாவே எழுதுங்க. அவருக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கறதுக்கு நமக்குச் சம்பளம் இல்லீங்க."

தாளை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

இனி அந்த வழக்கு. தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் மறுபடியும் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு வெளியேறிய சமயம். இங்கே ஒரு கட்சி அந்தப் போரை வைத்து இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். மாவட்டத்தில் அதற்கு இரண்டு முக்கியமான ஆட்கள்.

ஒருவர் மாசிலாமணி. பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவர். அதாவது வார்ப்புக்கு முன்னால் மரத்தில் அச்சு உருவம் செதுக்குகிறவர். அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் பண்ணைக் கூலிகள். கிறிஸ்தவக் குடும்பம். போர் நிற்க வேண்டும், இரண்டு தரப்பையும் பேச வைக்க வேண்டும், கட்சி அதற்குத்தான் குரல் கொடுக்க வேண்டும் என்பது அவர் நிலை. "ஆயுதம் அனுப்பச் சொல்றவன் கரையிலதான் நிப்பான். சாகறவன் அங்க இருப்பான்" என்பார்.

இன்னொருவர் தங்கவேல். உக்கடத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். வயதில் சின்னவர், சூடான பேச்சு. தடை செய்யப்பட்ட போராளிகளை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்பது அவர் வழி. "ஊடு பத்தி எரியுது. கொளுத்துனவன்கூட உக்காந்து என்னத்தைப் பேசறது?" என்று மேடையில் அவர் கேட்டதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒரே நாளில் கட்சியில் சேர்ந்தவர்கள் என்றும், ஒரே சைக்கிளில் போஸ்டர் ஒட்டப் போனவர்கள் என்றும் சொல்வார்கள். அந்த வருடத்தில் ஒருவர் பேசும் மேடையில் இன்னொருவர் ஏறுவதில்லை.

மாவட்டக் குழு கூடிப் பேசியதில் பெரிய ரகளை. மூடிய கூட்டம் என்பதால் எனக்கு அங்கே வேலையில்லை. கடைசியில் இரு தரப்பும் பொதுமேடையில் பேசட்டும், தொண்டர்கள் கேட்டு முடிவு செய்யட்டும் என்று ஏற்பாடாயிற்று. அவிநாசியில், தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூட்டம். முதல் பேச்சு மாசிலாமணிக்கு.

சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இடம் நிறைந்துவிட்டது. மேடைக்கு இடப்புறம் நான். ஸ்பீக்கர் பெட்டிக்கு ரொம்பப் பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை. முன்வரிசை முழுக்கத் தங்கவேலின் ஆட்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

மாசிலாமணி அமைதியாகத்தான் தொடங்கினார். அகதி முகாமில் அவர் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கூட்டம் கேட்டது. கால் மணி நேரம் கழித்துக் குரல் திடீரென்று ஏறியது.

"இனிப் பேச்சு எதற்கு? பேசிப் பேசிக் கெட்டது போதும். இங்கிருந்து படகு போக வேண்டும். படகில் ஆயுதம் போக வேண்டும். அதைத் தடுக்கிற சட்டத்தை நாம் மதிக்க வேண்டியதில்லை..."

முன்வரிசை அப்படியே எழுந்துவிட்டது. கைதட்டல், விசில். யாரோ துண்டைச் சுழற்றி மேலே எறிந்தார்கள். மைக் கீச்சென்று கத்தியது. மாசிலாமணி கையை உயர்த்தி அமர்த்தப் பார்த்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. நான் கோடு போட்டு, மேலே 'கேட்கவில்லை' என்று எழுதினேன். சத்தம் அடங்கியபோது எனக்குக் கேட்டது இதுதான்: "அவர்களும் என் தோழர்கள்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்." அதன் பிறகு போர்நிறுத்தம் பற்றிப் பேசி முடித்தார்.

தமிழில் மேடைப் பேச்சு எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, 'என்று அவர்கள் சொல்கிறார்கள்' என்பது கடைசியில்தான் வந்து சேரும். அது வரும்வரை, பேசுகிறவர் தன் கருத்தைச் சொல்கிறாரா, மாற்றாரின் கருத்தைச் சொல்கிறாரா என்று தெரியாது. மாசிலாமணி தங்கவேலின் வாதத்தைத்தான் எடுத்துச் சொல்லி மறுக்க வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 'என்று' கைதட்டலில் போய்விட்டது.

மறுநாள் காலை பெயர்த்து, தட்டச்சு செய்து, சுந்தரம் சார் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்கேல் அந்தக் கோட்டின் மேல் வந்து நின்றது. அவர் ஒன்றும் கேட்பதற்குள் மேலதிகாரி ஒருவர் அறைக்குள் வந்தார். யார் என்பது வேண்டாம், இப்போது உயிரோடில்லை. நின்றபடியே தாளைப் படித்தார்.

"இது என்ன கோடு?"

"கைதட்டல்ல கேக்கலீங்க ஐயா" என்றேன்.

"கேக்காததை எதுக்கு எழுதறே? கோட்டை எடு. முன்னாடி வரியில ஒரு முற்றுப்புள்ளி வை. அடுத்ததைப் புதுப் பத்தியில ஆரம்பி."

சுந்தரம் சார் எழுந்து நின்றபடி, "நோட்டைப் பாத்துப்போட்டு அனுப்பறமுங்க ஐயா" என்றார். மேலதிகாரி போன பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், 'என்று சிலர் சொல்கிறார்கள்'னுதான் அவர் முடிச்சிருப்பாருங்க. அப்படியே எழுதிப்போடட்டுங்களா?"

"கேட்டீங்களா?"

"வாய் அசைஞ்சதைப் பாத்தனுங்க."

"வாயைப் பாத்து எழுதறதுக்கா உங்களைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வெச்சாங்க?" பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். "அவரு கோட்டை எடுக்கச் சொல்றாரு. நீங்க கோட்டுமேல எழுதறேங்கறீங்க. ரெண்டு பேரும் அந்த ஆளு பேசாததைப் பேசுனதாப் பண்ணப் பாக்கறீங்க. கோடு அங்கயே இருக்கட்டுமுங்க."

நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் போடுவார். அடுத்த மாதமே அவரை ஒரு பயிற்சிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். "அங்க மரமெல்லாம் நிறைய இருக்குதாமுங்க. நல்ல காத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனாலும் வழக்குப் போட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் படகும் ஆயுதமும் இருந்தன, கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பவுண்டரி வாசலில் வைத்து மாசிலாமணியைக் கைது செய்தார்கள். பவுண்டரிக்காரர்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஜாமீன் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின.

கூத்து அதற்குப் பிறகுதான். ஊரெல்லாம் போஸ்டர். 'ஆயுதம் கேட்ட அஞ்சாநெஞ்சன் மாசிலாமணியை விடுதலை செய்!' ஒட்டியவர்கள் தங்கவேலின் ஆட்கள். போர் வேண்டாம் என்று தொண்டை கிழியப் பேசிய மனிதரைப் போர்முழக்கம் செய்தவராக்கிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அவர் பக்கத்து ஆட்களோ, 'இவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாரா' என்று குழம்பிப்போனார்கள்.

ஒரு நாள் உக்கடம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். ஒரு அம்மா நேரே என்னிடம் வந்தார். கையில் பித்தளைத் தூக்கு.

"ஏனுங்க, அவிநாசிக் கூட்டத்துல கீழ உக்காந்து எழுதுனது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"நான் மாசிலாமணி சம்சாரமுங்க. அன்னிக்கு அவரு என்ன பேசுனாருன்னு உங்குளுக்குத் தெரியுமுங்களே? வக்கீல் சொல்றாரு, அது யாரோட கருத்துன்னு பேரைச் சொன்னாப் போதும், வெளிய வந்தறலாமுன்னு. இவரு மாட்டேங்கறாரு. கட்சிக்குள்ள ஆயிரம் இருக்கும், போலீசுகிட்ட ஒருத்தன் பேரைக் குடுக்க மாட்டேங்கறாரு. வேலை போச்சு. புள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்சை. நான் யாருகிட்டங்க போயிக் கேக்கறது?"

அரசுத் தரப்புச் சாட்சி நான். குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவியோடு நின்று பேசுவதே தப்பு. காரமடை பஸ் வந்து நின்றது. நான் ஏற வேண்டிய பஸ். ஏறவில்லை.

"அம்மணி, உங்க வக்கீலை ஒண்ணு மட்டும் கேக்கச் சொல்லுங்க. தட்டச்சுத் தாளுல அங்கங்க ஒரு வரி வேண்டாம், சாட்சி அவரோட நோட்டை எடுத்து விடாமப் படிக்கட்டும்னு கேக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். இத்தனை வருட வேலையில் நான் தெரிந்தே மீறிய விதி அது ஒன்று. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

ஒரு வருடம் கழித்து விசாரணை வந்தது. கூண்டில் ஏறி நின்றேன். அரசு வக்கீல் தாளைக் காட்டி, இது நீங்கள் எடுத்ததுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படகு, ஆயுதம் என்ற வரிகளை மட்டும் படிக்கச் சொல்லி, உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நோட்டைப் பார்த்துப் படியுங்கள், நிறுத்த வேண்டாம்" என்றார்.

படித்தேன். படகு, ஆயுதம், சட்டம். அதன் பிறகு, "கைதட்டல். கூச்சல். கேட்கவில்லை." அதற்கும் பிறகு, "அவர்களும் என் தோழர்கள்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வயதான மனிதர், அதுவரை தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தவர்.

"அவர்கள் என்றால் யார்? அதற்கு முன்னால் யாரைப் பற்றியும் பேச்சே இல்லையே?"

"அது அந்தக் கோட்டுக்குள்ள இருக்குதுங்க ஐயா. எனக்குக் கேக்கலீங்க" என்றேன்.

நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, அந்தக் கோட்டை அவரே பார்த்தார். எவ்வளவு நேரம் கேட்கவில்லை என்று கேட்டார். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும் என்றேன்.

எதிர்த்தரப்புச் சாட்சியாக யாரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தங்கவேல் உள்ளே வந்தபோது மாசிலாமணியே எழுந்து நின்றுவிட்டார். "இவனை யாரு வரச்சொன்னது?" என்று தன் வக்கீலிடம் அவர் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. யாரும் வரச்சொல்லவில்லை. முந்தின நாள் தானாகவே வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

தங்கவேல் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பேச்சு என்னோடதுங்க ஐயா. படகு, ஆயுதம் அத்தனையும். மாவட்டக் குழுவுல நான் பேசுனது. அதைச் சொல்லிக்காட்டி மறுக்கறதுக்குத்தான் இவரு ஆரம்பிச்சாரு. எங்க பசங்க அதுக்குள்ள கை தட்டிப்போட்டானுங்க."

"இதைச் சொன்னால் உங்களுக்கு என்ன ஆகலாம் என்று தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியுமுங்க. நான் பேசுனதுக்கு அவரு கூண்டுல நிக்கறாரு. நான் அவரு பேருல போஸ்டர் ஒட்டிக்கிட்டுத் திரியறேன். அது நல்லாவா இருக்குதுங்க?"

மாசிலாமணி விடுதலையானார். அந்தத் தீர்ப்பில் கோட்டைப் பற்றியும், அந்த 'அவர்கள்' பற்றியும் ஒரு பத்தி இருந்தது. தங்கவேல் பேசியது மூடிய அறைக்குள், அங்கே நோட்டு எடுத்தவர் யாருமில்லை. அவர்மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை.

அன்று வெளியே வேப்பமரத்தடியில் மாசிலாமணி என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். கும்பிட்டதோடு சரி.

"ஒண்ணு சொன்னாச் சிரிப்பீங்க. அந்த இடத்துல நான் என்ன சொன்னேன்னு எனக்கே இப்பச் சரியா நெனப்பில்லீங்க. 'என்று சிலர் சொல்கிறார்கள்'னு சொன்னனா, 'தம்பி தங்கவேல் சொல்கிறார்'னு பேரையே சொல்லிப்போட்டனா, தெரியலீங்க. பேரைச் சொல்லியிருந்து, அது உங்க காதுல உழுந்திருந்தா, உள்ள போயிருக்கறது அவன்."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. கோட்டுக்கு மேல் நான் எழுதப்போனது வெறும் ஊகம், அந்த ஊகத்தில் ஒரு பேரும் வந்திருக்கலாம். அன்று மாலையே சுந்தரம் சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. 'சந்தோஷம். இங்கே காற்று நன்றாக இருக்கிறது' என்று மட்டும்.

கட்சி அந்த வருடமே உடைந்தது. தங்கவேல் ஒரு பாதியோடு போனார், மாசிலாமணி இன்னொரு பாதியில் நின்றார். கடலுக்கு அந்தப் பக்கம் போர் ஓயவில்லை. இந்தப் பக்கம் அதைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை. எனக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது. அதை எங்கேயும் எழுதாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பவுண்டரியில் மாசிலாமணியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரின் கூட்டங்களுக்கும் நான் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தால் தலையசைப்பார்கள், நான் நோட்டைப் பிரிப்பேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், எனக்குப் பதவி உயர்வு வந்து மேடையடி வேலையை விட்டு ஆபீசுக்குள் போவதற்கு முன்னால், கடைசியாக எழுதிய கூட்டம் மாசிலாமணியுடையது. அந்தப் பழைய விவாதம்தான் மறுபடியும். தங்கவேலின் வாதத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. மாசிலாமணி பேச்சை நிறுத்தினார். மேடை ஓரத்துக்கு வந்து, கீழே என் பேனாவைப் பார்த்தார்.

"தம்பி தங்கவேல் சொல்கிறார்" என்றார் முதலில். நான் அதை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் தங்கவேல் சொன்னதைச் சொன்னார். தமிழ் கொஞ்சம் தலைகீழாகத்தான் இருந்தது. ஜனங்களுக்கு எங்கே கை தட்டுவது என்றே தெரியவில்லை, சிரித்துவிட்டார்கள். நான் எழுதினேன்: 'சிரிப்பு'. அதில் என்னுடையதும் கொஞ்சம் இருந்தது.